கல்குளம் கொட்டாரமும் எங்கள் வீட்டுச் சுவரும்

மகள் தலைப்பிரசவத்துக்கு வருகிறாள் என்றதும், நாகர்கோவிலில் உள்ள எங்கள் பழைய ஓட்டு வீட்டின் உள் அறையைப் புதுசு பண்ண வேண்டும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. மாமியாரின் மாமியார் காலத்துச் சுண்ணாம்புச் சுவர். அங்கங்கே பொருக்கு விட்டிருந்தது. ‘பிள்ளை பிறந்து வருகிற அறை, வழுவழுவென்று வெள்ளையாக இருக்க வேண்டாமா?’ என்று இவரைப் பிடுங்கி எடுத்தேன். வேலைக்கு வந்தவர் பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, சிமெண்ட் பூசி, அதன் மேல் பட்டி பார்த்து, ஓட்டுக்கு அடியில் ஜிப்சம் பலகை அடித்து, பதினைந்தே நாளில் அறையைப் பளிங்கு மாதிரி ஆக்கிக் கொடுத்தார்.

அத்தை மட்டும் வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு, “செவரு மூச்சு விடண்டாமா மக்களே? இப்பிடி அடச்சுப் போட்டா எப்பிடி?” என்றார்கள். நான் சிரித்துக்கொண்டேன்.

சித்திரையில் பேரன் பிறந்தான். ஆனியில் மழை பிடித்தது. எங்கள் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். முதலில் சுவரின் அடியில் பட்டி கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. பிறகு மூலையில் கறுப்புப் பூஞ்சணம். குழந்தைக்கு இருமல் விடவே இல்லை. டாக்டர் பார்த்துவிட்டு, “அறையில் ஓதம் இருக்கிறதா?” என்றுதான் முதலில் கேட்டார். ஓதமும் பூஞ்சணமும் உள்ள அறை, பிஞ்சுக் குழந்தைகளின் இருமலையும் இழுப்பையும் அதிகமாக்குமாம். அன்றைக்கே குழந்தையை முன் அறைக்கு மாற்றினோம்.

மூன்றாம் நாள் ராத்திரி உள் அறையில் தொப்பென்று ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், ஓட்டு ஒழுக்கில் ஊறிய ஜிப்சம் பலகை ஒன்று வெறும் தொட்டிலின் மேல் விழுந்து கிடக்கிறது! என் கை கால் நடுங்கியது. இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

‘தண்ணீர் தாங்கும் பலகையாகப் போட்டுவிடலாம்’ என்றார் வேலைக்காரர். இவரும் தலையாட்டினார். அத்தைதான், “ஒருக்கா கல்குளம் கொட்டாரத்தப் பாத்துட்டு வா மக்களே. பெறவு என்னத்த வேணும்னாலும் செய்யி” என்றார்கள்.

கல்குளம் என்பது பத்மநாபபுரத்தின் பழைய பெயர். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் சாலையில் தக்கலை. அங்கிருந்து சுமார் 2 கிலோமீட்டர். வேளிமலை அடிவாரத்தில் கோட்டைக்குள் இருக்கிறது அரண்மனை. 1601-ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கியது என்கிறார்கள். மார்த்தாண்ட வர்மா அதை விரித்துக் கட்டினார். 1795-இல் தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி எங்கள் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஆனாலும் அரண்மனையைக் கேரளத் தொல்லியல் துறைதான் பராமரிக்கிறது. திங்கட்கிழமை விடுமுறை, மறந்து போய் ஏமாறாதீர்கள்!

செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே கால் வைத்தேன். ஆகா, அந்தத் தரை! கன்னங்கரேலென்று, முகம் பார்க்கலாம் போல. சுண்ணாம்போடு தேங்காய்ச் சிரட்டைக் கரியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்தது என்று சொல்கிறார்கள். பக்கத்தில் நின்ற ஒரு பெண், “தொடைக்க ஆளு வச்சாலே நம்ம வீட்டில் தரை மினுங்க மாட்டேங்குதே!” என்று பெருமூச்சு விட்டாள்.

எல்லாரும் பூமுகத்தின் மரப்பூ விதானத்தையும், மந்திரசாலையையும், மூலிகைக் கட்டிலையும் பார்த்துக்கொண்டு போக, நான் மட்டும் சுவரையே தடவிக்கொண்டு நடந்தேன். இவருக்கு ஒரே வெட்கம்! தாய்க் கொட்டாரத்தில் நடுமுற்றம். மழை உள்ளேயே விழுந்து வடிந்து போகிறது. ஓட்டுக் கூரை சுவரைத் தாண்டி நன்றாக வெளியே இறங்கி நிற்பதால் சாரல் சுவரில் அடிப்பதில்லை. மர அழிகள் வழியாகக் காற்று ஓயாமல் ஓடுகிறது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. சுவரைக் காப்பாற்றுவது முதலில் கூரை, அடுத்தது காற்று, அதற்குப் பிறகுதான் பூச்சு. நான் தலைகீழாகச் செய்திருக்கிறேன்!

திரும்பி வந்ததும், சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு வயதான கொத்தனாரைத் தேடிப் பிடித்தோம். அவர் சொன்ன கணக்கு அழகானது. கடல் சிப்பியைச் சுட்டால் சுண்ணாம்பு. தண்ணீர் விட்டால் கொதித்து நீறும். சுவரில் பூசினால், காற்றிலுள்ள கரியமில வாயுவை மெதுவாக இழுத்துக்கொண்டு மறுபடியும் கல்லாகிவிடும். சுவரிலுள்ள ஈரத்தை அந்தப் பூச்சு வெளியே விடும். சிமெண்ட் அதை உள்ளேயே பூட்டிவிடும். அதனால்தான் மேலே பார்த்த பட்டி உரிந்தது. ஜிப்சமும் மோசமான பொருள் இல்லை, உலர்ந்த அறைக்கு நல்லதுதான். ஈரம் பட்டால்தான் வலுவிழந்துவிடும்.

“இப்பம் பூசப்பிடாது, செவரு காயட்டும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஓட்டை மாற்றி, சிமெண்டைக் கொத்தி எடுத்து, ஐப்பசி மழையும் கழிந்து, மாசியில்தான் வந்தார். நான் கற்றுக்கொண்டதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்:

* ஒரு முழம் பாலிதீன் தாளைச் சுவரில் நாலு பக்கமும் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கு உள்பக்கம் வியர்த்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. முதலில் ஒழுக்கை அடையுங்கள். வெளிப்பக்கம் வியர்த்தால் அறைக்குக் காற்றோட்டம் போதவில்லை.

* பூச்சை மெல்லிசாக, இரண்டு மூன்று தடவையாகப் பூச வேண்டும். ஒரேயடியாகத் தடிப்பாக அப்பினால் வெடிக்கும். வெயிலில் சட்டென்று காயவிடாமல், சில நாள் தண்ணீர் தெளித்து ஈரம் காக்க வேண்டும்.

* சுண்ணாம்பு நீற்றும் இடத்துக்குக் குழந்தைகளை விடவே கூடாது. கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கால் மணி நேரமாவது கழுவிக்கொண்டே, ஆஸ்பத்திரிக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

* பழைய பெயிண்டை உலர்வாகச் சுரண்டாதீர்கள். அதில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்குக் கடும் கட்டுப்பாடு 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. நனைத்துச் சுரண்டுங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்தப் பக்கமே வேண்டாம்.

கொத்தனார் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த தண்ணீர் விட்டுச் சாந்து குழைத்தார். வேலை ஒரு மாதம் இழுத்தது. கூலியும் கூடத்தான் ஆயிற்று, அதை மறைக்கவில்லை. ஜிப்சம் கூரை மறுபடியும் வேண்டாம் என்று விட்டுவிட்டோம். அண்ணாந்து பார்த்தால் ஓடு தெரிகிறது. ஒழுகினால் அன்றைக்கே தெரியும்.

அடுத்த ஆனியும் வந்து போயிற்று. சுவர் கொப்புளிக்கவில்லை. பிறந்த நாளுக்காக வந்த பேரன், எண்ணெய் தேய்த்த கையோடு நடைபழகிப் போய்ச் சுவரில் ஓங்கி ஒரு அறை விட்டான். ஐந்து விரலும் அப்படியே பதிந்துவிட்டது.

“அழிச்சிராத மக்களே, கெடக்கட்டும்” என்றார்கள் அத்தை.

இந்தத் தடவை அவர்கள் சொன்னதை உடனே கேட்டுக்கொண்டேன்!