கரை தெரியும் படகு

ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் எங்கள் வீட்டு முற்றத்தில் ஆறு பெண்கள் கூடுவோம். சீட்டுக் கட்டுவதற்காகத் தொடங்கிய கூட்டம் இது. இப்போது சீட்டை விடக் கதைதான் கூட. எங்களில் ஐந்து பேர் கல்முனைக்குடிக்காரர். ஒருவர் பாண்டிருப்பைச் சேர்ந்த தமிழ் அக்கா. 1990இல் அவருடைய கணவர் வேலைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அந்த ஆண்டில் எங்கள் பக்கத்திலும் அப்படிப் போனவர்கள் இருக்கிறார்கள். யாருடைய கணக்குப் பெரிதென்று நாங்கள் பேசிப் பார்ப்பதில்லை.

சென்ற 2024ஆம் ஆண்டு தொடக்கத்தில் சீட்டுக் காசில் கொஞ்சம் மிச்சம் விழுந்தது. "ஒரு நாளைக்காவது சமைக்காம, ஆருக்கும் சோறு போடாம எங்கயாவது போவம்" என்றார் என் மச்சி. படகில் ஏறி ஒரு தீவைப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. எல்லோரும் சரி என்றோம். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் என் ராத்தாவைப் பார்த்தோம்.

ராத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2004 டிசெம்பர் 26ஆம் திகதிக்கு முன்பு கடலுக்கும் எங்களுக்கும் நடுவில் வேலி கூட இருந்ததில்லை. கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகையின் கொடியேற்றம் வந்தால் முதல் ஆளாக நிற்பவர் அவர்தான். அந்த ஞாயிறு காலையில் வந்த கடல் அவருடைய ஒன்பது வயது மகளைக் கொண்டுபோயிற்று. இலங்கையிலேயே அதிகம் பேரை இழந்தது எங்கள் அம்பாறை மாவட்டம்தான். எங்கள் ஊர்களில் "65 மீற்றர்" என்று சொன்னால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். கடலிலிருந்து அவ்வளவு தூரத்துக்குள் இனி வீடு கட்டக்கூடாது என்று வந்த கணக்கு அது. ராத்தாவோ தனக்கென்று வேறொரு கணக்கு வைத்திருந்தார். பிரதான வீதிக்குக் கிழக்கே அவர் போவதில்லை. இருபது வருடங்களாகவே அப்படித்தான்.

"நீங்க போயிட்டு வாங்க கா. நான் வீட்டப் பாத்துக்குவன்" என்றார். பாண்டிருப்பு அக்கா விடவில்லை. "நீங்க வராட்டி நானும் வரல்ல" என்றுவிட்டார். அதிலிருந்துதான் எந்தப் படகு என்ற கேள்வியே ஆரம்பமானது. அழகான இடம் எது என்ற பேச்சு அதோடு பின்னுக்குப் போய்விட்டது.

எங்களுக்குக் கிட்டியது பொத்துவில். அங்கே களப்பில் தோணியில் கூட்டிப்போவார்கள். இரண்டு பக்கமும் கண்டல் மரங்கள், தண்ணீர் ஆடாது, அதிகாலையிலும் மாலையிலும் போனால் கரையில் யானை நிற்கும். களப்பு கடல் அல்லவே, ராத்தாவுக்கு இது பொருந்தும் என்று நினைத்தேன். முதலையும் இருக்கும் என்று மச்சி வாயை விட்டார். அதோடு அந்தக் கதை முடிந்தது.

இரண்டாவது திருகோணமலை, நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாத்தீவு. கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர்தான். மாடப்புறாக்கள் தங்குவதால் அந்தப் பெயர். 2003இல் தேசியப் பூங்காவாக்கினார்கள். பவளப்பாறைகளும் வண்ண மீன்களும் பார்க்கலாம். ஆனால் விசாரித்துப் பார்த்தபோது இரண்டு விடயங்கள் தடுத்தன. அங்கே இறங்குதுறை இல்லாமல் மணலிலிருந்தே சின்னப் படகில் ஏறவேண்டும். முழங்கால் அளவு தண்ணீரில் அபாயாவோடு நின்று, படகின் விளிம்பைத் தாண்டிக் காலைத் தூக்கிப் போடுவது எங்கள் வயதுக்கு விளையாட்டில்லை. மற்றது பருவம். பக்கத்து வீட்டு மீன்பிடிக்கார நானாவிடம் கேட்டோம். "கிழக்குக் கடல் தை மாசியில இன்னும் அடங்கல்ல. நிலாவெளிக்குப் போறதெண்டா சித்திரைக்குப் பிறகு போங்க. இப்ப போறதெண்டா வடக்குப் பக்கம் பாருங்க, அங்க சோழகம் கிளம்பினாத்தான் கஷ்டம்" என்றார்.

சகோதரிகளே, படகுப் பயணத்துக்கு ஆயத்தமாகும்போது முதலில் காற்றைக் கேளுங்கள், கட்டணத்தைப் பிறகு கேட்கலாம். கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்றோடு நமது கிழக்குக் கடல் கொந்தளிக்கும். சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை பெரும்பாலும் அமைதி. யாழ்ப்பாணத் தீவுகளின் பக்கம் வைகாசிக்குப் பிறகு சோழகம் வீசி அலையை எழுப்பும். அங்கே போக மாசி, பங்குனி நல்லது. ஒரே நாட்டில் ஒரே மாதத்தில் ஒரு கடல் ஆடும், மற்றது தூங்கும்.

ஆக வடக்கு என்று முடிவானது. அங்கும் இரண்டு வழி இருந்தது. புங்குடுதீவின் முனையில் உள்ள குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நெடுந்தீவுக்கும் படகு போகும், நயினாதீவுக்கும் போகும். மச்சிக்கு நெடுந்தீவுதான் வேண்டும். அங்கே காட்டுக் குதிரைகள் திரிகின்றன, பவளக்கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகள் இருக்கின்றன, யானைக்கால் போல் பருத்த பெருக்கு மரம் நிற்கிறது. பார்க்கவேண்டிய இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு மணிநேரத்துக்குக் குறையாத கடல் பயணம். ஒரு நாளில் ஓடும் படகுகளும் சில மட்டுமே. பின்னேரப் படகைத் தவறவிட்டால் இரவு அங்கேதான். நயினாதீவுக்கு இருபது நிமிடம் போதும். படகுகள் நாள் முழுக்க அடிக்கடி வந்து போகும். ஏறும்போதே போய்ச்சேரும் கரை கண்ணில் தெரியும்.

"ராத்தா துறையடி வரைக்கும் வரட்டும். மனம் வந்தா ஏறட்டும், இல்லாட்டி நான் அவவோட கரையில இருக்கிறன். அடுத்த படகு வந்துகொண்டேதானே இருக்கும்" என்றார் பாண்டிருப்பு அக்கா. அவருக்கு நயினை நாகபூசணி அம்மனுக்கு ஒரு நேர்த்தி இருந்தது, அதையும் ஒளிக்கவில்லை. மச்சி இரண்டு நாள் முகத்தை நீட்டிக்கொண்டு திரிந்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

வான் பிடித்துக்கொண்டு மட்டக்களப்பு, பொலன்னறுவை, வவுனியா, கிளிநொச்சி வழியாகப் போனோம். நீண்ட பயணம், முதுகு போய்விட்டது. யாழ்ப்பாணத்தில் சோனகத் தெருவில் ஒரு தெரிந்த பெண்ணின் வீட்டில் தங்கினோம். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது கைக்குழந்தையோடு புத்தளத்துக்குப் போனவர், சண்டை முடிந்த பிறகே திரும்பி வந்திருக்கிறார். இரவு சாப்பிட்டபின் படகைப் பற்றி அவரிடம்தான் எல்லாம் கேட்டறிந்தோம். போயா நாளிலும் ஆனி மாதத் திருவிழாக் காலத்திலும் நயினாதீவுப் பக்கம் போகவேண்டாம், அம்மன் கோயிலுக்கும் நாகவிகாரைக்கும் வரும் சனத்தில் படகு நிரம்பி வழியும், கிழமை நாளில் காலையில் போங்கள் என்றார். வெறும் வயிற்றோடு ஏறவேண்டாம், வயிறு முட்டவும் தின்னவேண்டாம், ஒரு துண்டு இஞ்சி கையில் இருக்கட்டும் என்றார். அடையாள அட்டையைப் பொலித்தீன் பையில் சுற்றித் தந்தார்.

நெடுந்தீவு என்றதும் அவர் 1985ஐ நினைவுபடுத்தினார். அந்த ஆண்டு மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினிப் படகை நடுக்கடலில் மறித்து, பெண்கள் பிள்ளைகள் என்று பாராமல் பயணிகளை வெட்டிக் கொன்றார்கள். அதே குமுதினி பின்னரும் பல காலம் ஓடியது. வேறு வழியில்லாத சனம் அதிலேயே ஏறி ஆஸ்பத்திரிக்கும் கந்தோருக்கும் போய் வந்தது. ராத்தா இதைக் கேட்டுக்கொண்டே இருந்தார், ஒன்றும் பேசவில்லை. இதை ஏன் இப்போது சொன்னார் என்று எனக்கு உள்ளுக்குள் கோபம். அடுத்த நாள் ராத்தா என்னிடம், "அந்தப் பொம்புளையளும் ஏறித்தானே இருக்காங்க" என்று மட்டும் சொன்னார்.

காலையில் பண்ணைப் பாலத்தில் வான் ஏறியதும் ராத்தா கண்ணை மூடிக்கொண்டார். வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் நடுவில் உள்ள தாம்போதியும் அப்படித்தான், வீதியின் இரண்டு பக்கமும் கடல். அவருடைய கையை நான் பிடித்திருந்தேன். கடல் முடிந்ததா என்று கேட்டுக்கொண்டே வந்தார். முடிந்தது என்று இரண்டு தடவை பொய் சொன்னேன்.

குறிகட்டுவானில் மரப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. எங்கள் ஊர்த் தோணியைப் போல் மணலில் தள்ளத் தேவையில்லை, சீமெந்துத் துறையிலிருந்தே காலை எடுத்து வைக்கலாம். உள்ளே சில படிகள் இறங்கினால் இரண்டு பக்கமும் பலகை ஆசனம். கூரை தாழ்வு, காற்று குறைவு, எஞ்சின் மணம். மழைக்கு அது நல்ல இடமாக இருக்கலாம். பயமுள்ளவர்களுக்கு நான் சொல்லமாட்டேன். வாசலுக்குக் கிட்ட, வெளிச்சமும் காற்றும் வரும் இடத்தில் இருங்கள்.

லைஃப் ஜக்கெற் கேட்டோம், எடுத்துத் தந்தார்கள். சிலர் அதைக் குந்தும் இடத்தில் மெத்தையாகப் போட்டுக்கொண்டதையும் பார்த்தேன். இருபது நிமிடப் பயணத்துக்கு எதற்கு என்று நினைப்பது பிழை. 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதவைப் படகு கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் உயிரிழந்தார்கள். கல்லெறி தூரத்தில் கரை தெரிந்த தண்ணீர் அது. ஜக்கெற் கேட்க வெட்கப்படாதீர்கள். அபாயாவுக்கு மேலே போட்டு, படகு வெளிக்கிட முன்பே பட்டிகளை இறுக்கிவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த படகில் போகலாம். முந்தானையையும் ஸ்கார்ஃபையும் காற்றில் பறக்கவிடாமல் உள்ளே செருகிக்கொள்வதும் முக்கியம்.

முதல் படகு போனது. ராத்தா துறையின் நடுவில் நின்றார், அசையவில்லை. யாரும் இழுக்கவில்லை. இரண்டாவது படகும் போனது. அதில் மச்சியும் மற்ற இருவரும் ஏறிவிட்டார்கள். அக்காவும் நானும் ராத்தாவும் ஒரு கல்லில் இருந்தோம். ராத்தா கடலைப் பார்க்காமல் ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். புத்தகப்பையோடு ஓர் ஆசிரியை வந்தார், சைக்கிளைத் தூக்கி ஏற்றியபடி ஒரு பொடியன் வந்தான், மருந்துத் துண்டைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு ஒரு கிழவர் வந்தார். சந்தையிலிருந்து மரக்கறி மூட்டையோடு வந்த ஒரு தீவுப் பெண் எங்கள் பக்கத்தில் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, "முதல் தரமோ?" என்று கேட்டார். ராத்தா தலையை ஆட்டினார். சுனாமியைப் பற்றி நான் சொல்லத் தொடங்கினேன். அந்தப் பெண் என்னைப் பார்க்கவில்லை, ராத்தாவைத்தான் பார்த்தார். "தண்ணியப் பாக்காதேங்கோ. அங்காலை கோயில் கோபுரம் தெரியுதே, அதைப் பாருங்கோ. கரையைப் பாத்தால் தலை சுத்தாது. என்ரை பக்கத்தில இருங்கோ" என்றார். மூன்றாவது படகு வந்தபோது மூட்டையின் ஒரு பக்கத்தை ராத்தாவிடம் கொடுத்து, "பிடியுங்கோ" என்றார். ராத்தா பிடித்தார். பிடித்தபடியே ஏறிவிட்டார்.

இருபது நிமிடமும் கலிமா சொல்லிக்கொண்டே வந்தார். கை என்னுடைய மணிக்கட்டில் இருந்தது, அந்தத் தடம் பின்னேரம் வரைக்கும் போகவில்லை. தண்ணீர் வெளிறிய பச்சை நிறம். ஆழம் குறைந்த கடல் என்று படகுக்காரர் சொன்னார். எங்கள் ஊர்க் கடல் போல் உறுமவில்லை. நடுவழியில் ஒரு தடவை படகு சரிந்தபோது "மகளே" என்றார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

தீவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சின்னத் தீவு, நடந்தே பார்க்கலாம். இறங்கியதும் அம்மன் கோயில், கொஞ்சம் தள்ளி நாகவிகாரை. பள்ளிவாசலும் உண்டு. படகு இரண்டு துறைகளில் நிற்கும் என்பதால் எங்கே இறங்குவது, எங்கே ஏறுவது என்று முதலே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மச்சி ஆட்கள் ஒரு துறையில் தேட, நாங்கள் மறு துறையில் தேடினோம். பாண்டிருப்பு அக்கா நேர்த்தியை முடித்துக்கொண்டு கோயில் அன்னதானத்தில் சாப்பிட்டார். நாங்கள் கொண்டுபோன இடியப்பத்தையும் சம்பலையும் ஒரு மர நிழலில் பிரித்தோம். ளுஹரையும் அங்கேயே முடித்துக்கொண்டோம். ராத்தா இரண்டு பேருடைய இடியப்பத்தைச் சாப்பிட்டார். வெகு நாளைக்குப் பிறகு அப்படி அவர் சாப்பிட்டதைப் பார்த்தேன்.

திரும்பி வரும்போது கடல் கொஞ்சம் ஆடியது. பின்னேரக் காற்று எழும்பிவிட்டது. நெடுந்தீவுக்குத்தான் போகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்ற என் மச்சி, கடலென்றால் எனக்குப் பயமே இல்லை என்று வான் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்த அதே மச்சி, படகு வெளிக்கிட்டு ஐந்து நிமிடத்தில் வாயைப் பொத்திக்கொண்டார். பையில் இஞ்சி இருந்ததே எனக்கு மறந்துபோயிற்று. ராத்தா எழும்பிப் போய் அவருடைய நெற்றியைத் தாங்கிப் பிடித்தார்.

"கீழ பாக்காத கா. கரையப் பாரு. அந்தா தெரியுது, கரையப் பாரு."