ஒரே அட்டைக்குள் வேதமும் அரசியல் சட்டமும்

2024-ல் டிரம்ப் விளம்பரம் செய்த 60 டாலர் பைபிளைக் கவனித்தீர்களா? ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தல் வரை இருக்கிற அதே அட்டைக்குள் அமெரிக்க அரசியல் சட்டமும் சுதந்திரப் பிரகடனமும் சேர்ந்தே இருக்கின்றன!

வேதமும் அரசியலும் இப்படி ஒட்டிக்கொண்ட நிலையில் அமெரிக்க இவாஞ்சலிக்கல் சபைகள் எப்போதுமே இருந்தவை அல்ல. தாயின் நலன் போன்ற காரணங்களுக்காகக் கருக்கலைப்பை அனுமதிக்கலாம் என்று 1971-ல் தீர்மானம் போட்டதே அவற்றில் ஒன்றான சதர்ன் பாப்டிஸ்ட் சபைகளின் கூட்டமைப்பு மாநாடுதான். 1979-ல் போதகர் ஜெர்ரி ஃபால்வெல் 'மாரல் மெஜாரிட்டி' என்ற அரசியல் அமைப்பைத் தொடங்கினார். மறுவருடத் தேர்தலில், ஞாயிறு பள்ளி எடுத்த சொந்தச் சபைக்காரரான ஜனநாயகக் கட்சி அதிபர் ஜிம்மி கார்ட்டரை விட்டுவிட்டு, விவாகரத்தாகி மறுமணம் செய்த குடியரசுக் கட்சியின் ரீகன் பின்னால் இவாஞ்சலிக்கல்கள் அணிதிரண்டார்கள்.

அதிபர் கிளின்டனின் பாலியல் விவகாரம் வெடித்த 1998-ல், தலைவனுக்கு ஒழுக்கம் முக்கியம் என்று அதே சதர்ன் பாப்டிஸ்ட் மாநாடு தீர்மானம் போட்டது. 2016-ல் வெள்ளையின இவாஞ்சலிக்கல்களில் பத்துக்கு எட்டுப் பேர் டிரம்புக்கு வாக்களித்தார்கள். தீர்மானம் காகிதத்தோடு சரி.

"எல்லாம் விசுவாசத்துக்காகத்தான்" என்பார்கள். அதே பைபிளை அதே பக்தியோடு வாசிக்கும் கறுப்பினச் சபையார் பெரும்பாலும் ஜனநாயகக் கட்சிக்குத்தானே வாக்களிக்கிறார்கள்? கட்சியை மனந்திரும்ப வைக்கப் போன சபை, தானே கட்சி மாறி வந்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.