பொட்டும் கண்ணாடிச் சில்லும்

ஈரானின் ஷிராஸ் நகரில் ஷா செராக் என்றொரு தர்கா. உள்ளே சுவர், கூரை எல்லாம் கண்ணாடிச் சில்லுகள். நிற்பவரின் முகம் எங்கேயும் முழுதாகத் தெரியாது. ஆனால், திரும்பின பக்கமெல்லாம் வெளிச்சம்! 'ஆயினே காரி' என்பது இந்தக் கலையின் பெயர். ஐரோப்பாவிலிருந்து வந்த பெரிய கண்ணாடிகள் வழியிலேயே உடைந்துபோக, சில்லுகளைத் தூக்கிப்போட மனம் வராமல் சுவரில் பதித்ததில் பிறந்தது என்பார்கள்.

ஷா செராக்கைப் பார்த்து அசந்துபோன முனீர் ஃபர்மான்ஃபர்மாயான், அதை நவீனக் கலையாக்கினார். 1979 புரட்சிக்குப் பிறகு நியூயார்க்கிலேயே தங்கிவிட்டவர், 2004-ல்தான் ஊர் திரும்பினார். 2017-ல் டெஹ்ரானில் அவர் பெயரிலேயே மியூசியம் திறந்தார்கள். தன்பாலின உறவுக்கு மரண தண்டனை வரை தரும் நாடு அது. அங்கிருந்து வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகளில் சிலர், தங்கள் அடையாளத்தைச் சொல்ல இன்று இதே சில்லுகளைத்தான் எடுக்கிறார்கள். இத்தனைக்கும் பாரசீக மொழியில் அவன், அவள் இரண்டுக்கும் ஒரே சொல்தான். நம் 'அவர்' மாதிரி.

லாஸ்பேட்டையில், கண்ணாடிக் கடையில் வேலை செய்யும் திருநங்கை ஒருவர் இதையெல்லாம் பார்த்தது செல்போனில்தான். சின்ன வயதிலிருந்தே வீட்டு பீரோ கண்ணாடியோடு அவருக்குச் சண்டை. 'நீ பையன்தான்' என்று அது ஒரே முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. கதவைத் தாழிட்டு, கண்ணாடி ஓரத்தில் அம்மா ஒட்டிவைத்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து நெற்றியில் வைப்பார். யாராவது கூப்பிட்டால் திரும்ப அங்கேயே ஒட்டிவிடுவார். பசை போன பொட்டு அம்மாவுக்குத் தெரியாமலா இருக்கும்? கேட்டதில்லை.

கடையில் வெட்டி மிஞ்சும் விரலகலத் துண்டுகள் குப்பைக்குத்தான் போகும். முதலாளியிடம் கேட்டு அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஓரம் தேய்த்து, ப்ளைவுட் பலகையில் ராத்திரி ராத்திரியாக ஒட்டினார். விரலில் பிளாஸ்திரி இல்லாத நாளில்லை. நடுவில் உள்ளங்கை அளவு இடம் விட்டு, அங்கே மட்டும் அம்மாவின் சிவப்புப் பொட்டுகள்.

அம்மா ரொம்ப நேரம் பார்த்தார். தைப்பூசத்துக்கு வடலூர் போகிறவர். ஏழு திரைக்கு அப்பால் கண்ணாடியும் ஜோதியும் பார்த்தவர்.

"வடலூர்ல திரை விலகுன மாதிரி இருக்கு" என்றார். பிறகு, "பொட்டு கேட்டிருந்தா புதுசாவே வாங்கிக் குடுத்திருப்பேன்ல?"

பலகை இப்போது ஹாலில் மாட்டியிருக்கிறது. அப்பா மட்டும் அந்தப் பக்கம் பார்க்காமலே சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டு கிளம்புகிறார்.