கொல்லிப்பாவை சர்பத்

காரவள்ளியைத் தாண்டியதும் பேருந்தில் எலுமிச்சம்பழங்கள் பையை விட்டு வெளியே வந்துவிடும். 70 கொண்டை ஊசி வளைவுகள் முடியும்வரை வயிறு புரளாமல் இருக்க ஆளுக்கொரு பழத்தை மூக்கருகே வைத்துக்கொண்டு, நகத்தால் தோலைக் கீறி முகர்ந்தபடியே மலையேறுவார்கள். கொல்லிமலையில் புளிப்பு நம்மை வரவேற்கும் விதம் இது. மேலே போய்ச் சேர்ந்தால் கமலா ஆரஞ்சும் நார்த்தையும் காப்பித் தோட்டத்துக்குள்ளேயே நிற்கும். பக்கத்திலிருக்கும் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி உச்சிவரை ஏறியிருக்கும். புளிப்பும் காரமும் ஒரே வேலிக்குள் விளைகிற ஊர்.

இதெல்லாம் எதற்கு என்றால், அந்த மலையில் ஒரு விருந்துக்குப் பானம் தயாரிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பொங்கல் விடுமுறைக்குக் குடும்பம் மொத்தமும் செம்மேடு பக்கம் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தோம். பெங்களூரிலும் கோவையிலும் வேலை பார்க்கும் அக்கா, அண்ணன் பிள்ளைகளுக்குச் சும்மா சாப்பிட்டுத் தூங்கினால் விருந்தாகத் தெரியாது. அதற்கொரு ‘தீம்’ வேண்டும். இடம் கொல்லிமலை என்பதால் அந்த இரவுக்குக் ‘கொல்லிப்பாவை இரவு’ என்று பெயர் வைத்தார்கள். எல்லோரும் கறுப்பும் சிவப்புமாக உடுத்த வேண்டும். அவரவர் முகமூடியை அவரவரே செய்துகொள்ள வேண்டும். வாசலில் நுழைந்ததும் கையில் ஒரு கோப்பை கொடுக்கப்படும். “புளிப்பா இருக்கணும், காரமா இருக்கணும், பார்த்ததும் வாயைப் பிளக்கணும். நீங்கதான் மாமா செய்யணும்” என்றாள் அக்கா மகள்.

பாவையின் கதையை முதலில் பிள்ளைகளுக்குச் சொன்னேன். பானம் எப்படி இருக்க வேண்டும் என்பது அந்தக் கதைக்குள்ளேயே இருந்தது. கொல்லிமலையின் மேற்குப் பக்கத்தில் பூதம் செய்துவைத்த பாவை ஒன்று நிற்பதாக நற்றிணை பேசுகிறது. காற்றடித்தாலும் இடி இடித்தாலும் நிலமே நடுங்கினாலும் அதன் அழகு குலையாதாம். சங்கப் புலவர்களுக்கு அது அழகின் உவமை. பிற்காலக் கதைகளில்தான் அந்தப் பாவை சிரிக்கத் தொடங்கியது. தவம் செய்வோரைத் தொல்லைப்படுத்திய அசுரர்களைத் தன் சிரிப்பால் மயக்கி அருகே வரவைத்துக் கொன்றுவிடும் என்பார்கள். இன்று மலையில் எட்டுக்கை அம்மனையே கொல்லிப்பாவை என்று கும்பிடுகிறார்கள். ஆக, முதலில் சிரிப்பு, பிறகுதான் அடி. பானமும் அந்த வரிசையில் நடந்துகொண்டால் போதும் என்று நினைத்தேன்.

பிள்ளைகளின் திட்டம் வேறாக இருந்தது. உலர்பனிக்கட்டி வாங்கிவந்து கோப்பையில் போட்டால் புகை வழிந்தோடும், படம் நன்றாக வரும் என்றான் அண்ணன் மகன். உலர்பனி என்பது மைனஸ் 78 டிகிரியில் உறைந்த கரியமில வாயு. 2024 மார்ச்சில் குருகிராமில் ஓர் உணவகத்தில், சாப்பிட்டு முடித்தவர்களுக்கு வாய் மணக்கத் தரும் பொருளுக்குப் பதிலாக இதைக் கொடுத்துவிட்டார்கள். வாயில் போட்டவர்கள் இரத்த வாந்தி எடுத்து மருத்துவமனைக்குப் போனார்கள். திரவ நைட்ரஜன் இதைவிட மோசம். அது மைனஸ் 196 டிகிரி. இங்கிலாந்தின் லங்காஸ்டரில் 2012இல் தன் 18ஆவது பிறந்தநாளுக்கு அது ஊற்றிய மதுவைக் குடித்த பெண்ணின் இரைப்பை ஓட்டையாகி, அதையே அறுவை செய்து எடுக்க வேண்டியதாயிற்று. 2024 ஏப்ரலில், இதே திரவத்தில் தோய்த்த புகை பிஸ்கட் தின்று கர்நாடகத்தில் ஒரு சிறுவன் துடித்த காணொளி பரவிய பிறகு, நம் மாநில உணவுப் பாதுகாப்புத் துறையும் எச்சரிக்கை விடுத்தது. இதையெல்லாம் சொன்னதும் புகைப் பேச்சு அடங்கியது.

அடுத்து மெதுவாக மதுப் பேச்சு வந்தது. காக்டெயில் என்றால் அது இல்லாமலா என்றார் ஒரு மாப்பிள்ளை. எனக்கு அதில் ஒழுக்கப் பிரசங்கம் செய்யும் எண்ணமில்லை. ஆனால் மறுநாள் காலையில் அதே 70 வளைவுகளில் நான்கு வண்டிகள் இறங்க வேண்டும். இன்னொரு வரலாற்றுக் காரணமும் சொல்லி அவரைச் சிரிக்க வைத்தேன். சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த ராஜாஜி 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது 1997இல்தான். அதற்கு முன்பு இந்த மலையும் சேலத்தில்தான் இருந்தது. “முதல் மதுவிலக்கு மண்ணில் உட்கார்ந்துகொண்டு கேட்கிறீர்களே மாப்பிள்ளை” என்றேன்.

காக்டெயில்களின் மூதாதைகளில் ஒன்றுக்கும் நம் கரைகளோடு உறவு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்கள் இங்கே வந்து பழகி, ஊருக்குக் கொண்டுபோன பானம் பஞ்ச். 1632ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றிலேயே அதன் பெயர் வந்துவிடுகிறது. சாராயம், எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, தண்ணீர், மசாலாப் பொருள் என்பதுதான் அதன் சேர்மானம். முதல் பொருளை எடுத்துவிட்டுச் சர்க்கரைக்குப் பதில் வெல்லம் போட்டால் நம் ராமநவமிப் பானகத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். வெல்லம், எலுமிச்சை, சுக்கு, ஏலம், சில வீடுகளில் மிளகும்.

ஆனால் மதுவை எடுத்துவிட்டால் ஒரு தொழில்நுட்பச் சிக்கல் வரும். மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரின் தண்ணீரில் எளிதில் கரையாது. மதுவில் நன்றாகக் கரையும். அதனால் மதுக்கடைக்காரர் மிளகைப் போத்தலில் ஊறப்போட்டாலே காரம் இறங்கிவிடும். நாமோ மிளகுத்தூளை எலுமிச்சைச் சாற்றில் தூவினால் அது மேலே மிதக்கும். குடிப்பவர் தொண்டையில் ஒட்டிக்கொண்டு இருமவைக்கும். பானத்தில் காரம் இருக்காது. வழியைச் சொன்னவர் சோளக்காடு சந்தையில் மிளகு விற்ற பாட்டி. எதற்கு மிளகு என்று கேட்டார், சொன்னேன். “தூளாக்காத கண்ணு. ஒண்ணு ரெண்டா நசுக்கி, சக்கரைப் பாகுல போட்டுக் கொதிக்க வெச்சு மூடி வெய்யி. வடிகட்டிட்டா நெஞ்சுல நிக்காது, நாக்குல நிக்கும்” என்றார். சூடும் நேரமும் சேர்ந்தால் தண்ணீரும் மிளகிடமிருந்து வேண்டிய அளவு காரத்தையும் வாசத்தையும் வாங்கிக்கொள்கிறது.

பன்னிரண்டு கோப்பைக்கான கணக்கைச் சொல்கிறேன். 300 கிராம் வெள்ளைச் சர்க்கரையை 300 மில்லி தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவிட வேண்டும். அதில் ஒன்றரை மேசைக்கரண்டி நசுக்கிய மிளகும், தட்டிய இஞ்சி 50 கிராமும் போட்டு, சிறுதீயில் ஐந்து நிமிடம் வைத்து இறக்கி மூடிவிட வேண்டும். அரைமணி நேரம் கழித்து மெல்லிய துணியில் வடிகட்டினால் காரப் பாகு தயார். வெல்லம்தான் நம் சுவை. ஆனால் இந்தப் பானத்துக்கு அதன் நிறம் ஆகாது. காரணம் அடுத்து வருகிறது.

வாயைப் பிளக்கவைக்கும் வேலையைச் சங்குப்பூவிடம் கொடுத்தேன். ஊரில் வேலியோரம் படர்ந்து கிடப்பதைப் பறித்து உலர்த்தி எடுத்துப் போயிருந்தோம். 40 பூவை ஒரு லிட்டர் வெந்நீரில் போட்டு ஆறவிட்டால் தண்ணீர் கருநீலமாகும். அந்த நிறத்தைத் தரும் அந்தோசயனின்கள் புளிப்பு பட்டதும் ஊதாவாக மாறும். புளிப்பு கூடக் கூடச் சிவப்பு ஏறும். பள்ளிக்கூடத்தில் லிட்மஸ் தாளில் பார்த்த அதே வித்தைதான், இங்கே குடிக்கலாம். ஆரஞ்சுச் சாற்றையோ வெல்லத்தையோ கலந்தால் நீலம் கலங்கிச் சேற்று நிறமாகிவிடும். எனவே நிறமில்லாத புளிப்பு வேண்டும். ஆறு எலுமிச்சை, இரண்டு நார்த்தங்காய் பிழிந்தால் போதும். நார்த்தையின் இலேசான கசப்பு இனிப்பைத் திகட்டவிடாது. ஆனால் சாற்றைக் கடைசி நேரத்தில்தான் பிழிய வேண்டும். சாத்துக்குடிச் சாற்றைப் பிழிந்து வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நேரம் ஆக ஆகக் கசப்பு ஏறிக்கொண்டே போகும்.

கோப்பையின் விளிம்புக்கு ஓர் ஒப்பனை. காய்ந்த உப்பு நார்த்தங்காயை மிளகோடும் கொஞ்சம் சர்க்கரையோடும் பொடித்துக்கொண்டேன். விளிம்பில் மலைத்தேனைத் தடவி, கவிழ்த்து, அந்தப் பொடியில் ஒற்றி எடுத்தால் ஒட்டிக்கொள்ளும். மெக்சிகோவின் மார்கரிட்டாவுக்கு உப்பு விளிம்பு கட்டுவதைப் பற்றி உலகமே பேசுகிறது. நம் வீட்டு ஊறுகாய் ஜாடியில் உப்பும் புளிப்பும் கசப்பும் ஏற்கெனவே சேர்ந்து காய்ந்து தயாராக இருக்கின்றன. தை மாதம் என்பதால் கொடியில் பச்சை மிளகுச் சரம் தொங்கிக்கொண்டிருந்தது. தோட்டக்காரரிடம் கேட்டுப் பறித்து, கோப்பைக்கு ஒரு சரம் மாட்டினோம்.

அடியில் காரப் பாகு, அதன்மேல் புளிப்புச் சாறு, பிறகு பனிக்கட்டி, கடைசியாகக் கரண்டியின் முதுகில் வழியவிட்ட நீலம். பாகு கனமானது என்பதால் கீழேயே தங்கும். மேலே நீலமும் கீழே வெளிறிய மஞ்சளும், இரண்டும் தொடும் இடத்தில் ஊதாக் கோடுமாகக் கோப்பை நிற்கும். வந்தவர் கையில் கொடுத்துக் கலக்கச் சொன்னால் முழுக் கோப்பையும் கண்ணெதிரே நிறம் மாறும்.

நெருப்பும் இருந்தது. கமலா ஆரஞ்சின் தோலிலுள்ள எண்ணெயில் பெரும்பகுதி லிமோனீன். அது எளிதில் தீப்பற்றும். சிறுவயதில் மின்சாரம் போன இரவுகளில் மெழுகுவர்த்திமுன் தோலைப் பிழிந்து பொறி பறக்கவிட்டு ஏச்சு வாங்கியவர்கள் நம்மில் பலர் உண்டு. அதையே செய்தோம். அகல்விளக்கை மேசைமேல் வைத்து, ஒரு சாண் தள்ளி நின்று, தோலை மடித்துப் பிழிந்தால் படபடவென்று பொன்னிறப் பொறிகள். அறை முழுக்க ஆரஞ்சு வாசம். குழந்தைகளை எட்ட நிறுத்தியிருந்தோம்; பிழிந்தது நான் மட்டும்; யார் முகமும் அருகில் இல்லை. உரித்த பழத்தைச் சுளை சுளையாகப் பிள்ளைகள் தின்று தீர்த்தார்கள்.

எல்லோரும் படம் பிடித்தார்கள். ஆனால் எனக்கு வேண்டியிருந்தது அதற்குப் பிந்திய சில நொடிகள். முதல் மடக்கில் நாக்கு புளிப்பைச் சொல்லும், உடனே இனிப்பு வந்து சமாதானம் செய்யும். புளிப்பும் இனிப்பும் நாவின் சுவைமொட்டுகளோடு முடிந்துவிடுகிற காரியம். மிளகின் காரம் அப்படியல்ல. சூட்டை உணர்கிற நரம்புகளையே அது தூண்டுகிறது. மெதுவாக எழுந்து, விழுங்கிய பிறகும் தங்குகிறது. ஆகவே “ரொம்ப நல்லா இருக்கே” என்று சிரித்துக்கொண்டே சொல்ல வாயெடுத்தவர்கள், வாக்கியத்தை முடிக்குமுன் கண்ணை அகல விரித்தார்கள். மாப்பிள்ளை மார்பில் கைவைத்து, “பாவை சிரிச்சிடுச்சு மாமா” என்றார். புகையோ நெருப்போ வாசலில் இருக்கலாம்; நாடகம் நாக்கில் நடக்க வேண்டும். எது முதலில், எது பிறகு என்கிற வரிசைதான் ஒரு பானத்தின் கதை. மிளகாய் போட்டால் இந்த வரிசை கெட்டுவிடும் என்பது என் கட்சி. அது வாசலிலேயே கத்தும். போர்த்துகீசியர் கப்பலில் மிளகாய் வருவதற்கு முன்பு இந்த நாட்டில் காரம் என்றால் மிளகு, திப்பிலி, சுக்குதான். அந்தக் காரங்களுக்குக் காத்திருந்து பேசும் குணம் உண்டு.

எண்பதைத் தொடும் எங்கள் அத்தை முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பொறுமையாகக் குடித்து முடித்து, தீர்ப்புச் சொன்னார்: “பானகத்துக்குச் சட்டை மாட்டிவிட்டிருக்கே. இருந்தாலும் நல்லாத்தான் இருக்கு. இன்னொண்ணு ஊத்து.” அவர் சொன்னதை நான் மறுக்கவில்லை. திருவிழாவுக்கு ஒரு பானம், அதில் புளிப்பும் இனிப்பும் காரமும், வந்தவருக்கெல்லாம் ஒரு குவளை என்ற ஏற்பாடு நம் கோயில்களும் தேரடித் தண்ணீர்ப் பந்தல்களும் பழக்கிவைத்ததுதான். நாங்கள் சேர்த்தது ஒரு நீலப்பூவும் கொஞ்சம் தீப்பொறியும்.

உங்கள் வீட்டு விருந்துக்கு இதைச் செய்து பார்க்க விரும்பினால் இரண்டு வார்த்தை. கண்ணுக்காக மைனஸ் டிகிரிப் பொருள் எதையும் யாருடைய வாய்க்கருகேயும் கொண்டுபோகாதீர்கள். மிளகை மட்டும் முழுதாக வாங்கி அன்றைக்கே நசுக்குங்கள், பொட்டலத் தூளில் காரம் மிஞ்சியிருந்தாலும் வாசம் போயிருக்கும். கொல்லிமலை போகிறவர்கள் சந்தையில் நேரடியாக விளைவித்தவர்களிடமே அரைக் கிலோ வாங்கி வாருங்கள். ஒரு வருடத்து விருந்துகளுக்குக் காணும்.