எண் யார் கையில்?

ஈரோட்டுப் பக்கம் என் சித்தி விசைத்தறித் துண்டும் லுங்கியும் போர்வையும் வாங்கி விற்கிறார். வருட விற்பனை 40 லட்சத்தை எட்டாது. சரக்கு விற்பவருக்குத் தமிழ்நாட்டில் அதுவரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை என்பதால் கவலையில்லாமல் இருந்தார். பாலக்காட்டுக் கடைக்காரர் ஒருவர் மாதாமாதம் போர்வை கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. சரக்கு மாநில எல்லையைத் தாண்டினால் அந்த வரம்பு பொருந்தாது. பதிவு செய்துதான் அனுப்ப வேண்டும். ஒரு சதவீத வரியோடு முடிந்துபோகும் காம்போசிஷன் திட்டமும் வெளிமாநில விற்பனைக்கு உதவாது.

பான், ஆதார், வங்கிக் கணக்கு எல்லாம் கையில் இருந்தன. வாடகைக் கடை என்பதால், ஒப்பந்தத்தோடு கட்டட உரிமையாளரின் கரண்ட் பில்லும் சம்மதக் கடிதமும் தேவைப்பட்டன. “என் பில்லைக் கொடுத்தா வரி என் தலையில வந்துருமோ?” என்று அவர் தயங்கினார். அப்படி எதுவும் வராது; கடை அங்கே நடக்கிறது என்பதற்கு அது ஒரு சான்று, அவ்வளவுதான். சிறு கடைகள் பல பதிவுக்கே போகாமல் நிற்பதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

எண் வந்த அன்று சித்திக்கு அதைப் பிரித்துப் படித்துக் காட்டினேன். மொத்தம் 15 இடங்கள். முதலில் வரும் 33 தமிழ்நாடு. கேரளம் என்றால் 32, கர்நாடகம் என்றால் 29. அடுத்த 10 இடங்களில் இருப்பது அவருடைய பான் எண், ஓர் எழுத்து மாறாமல். பதின்மூன்றாவது இடம், அதே பானில் இந்த மாநிலத்தில் எடுத்த எத்தனையாவது பதிவு என்பதைச் சொல்கிறது. கடைசி எழுத்து, எண்ணைத் தவறாக எழுதிவிட்டால் காட்டிக்கொடுப்பதற்கு. விதிப்படி இந்த எண்ணைக் கடை வாசலில் பெயர்ப் பலகையிலேயே எழுதி வைக்க வேண்டும். “அப்ப போர்டுல இருக்கறது நானா கண்ணு?” என்று கேட்டார். ஆமாம். தனி ஆள் நடத்தும் கடையில் கடையின் கடன் அவர் கடன், கடையின் வரி அவர் வரி.

அதனால்தான் அடுத்து தெரிந்த விஷயம் எனக்குப் பொறுக்கவில்லை. ஜிஎஸ்டி தளத்தில் பதிவாகியிருந்த செல் நம்பரும் மின்னஞ்சலும் சித்தியுடையவை அல்ல, விண்ணப்பித்துக் கொடுத்த ஆடிட்டருடையவை. ஓடிபி அவருக்குப் போகும், நோட்டீஸ் அவருக்குப் போகும். தொடர்ந்து ஆறு மாதம் ரிட்டர்ன் போடாவிட்டால் பதிவை ரத்து செய்ய அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. விளக்கம் கேட்டு வரும் கடிதமும் அதே மின்னஞ்சலுக்குத்தான். கடை திறந்திருக்கும், வியாபாரம் நடக்கும், எண் மட்டும் செத்துப் போயிருக்கும். சரக்கு வாங்கியவருக்கு, கொடுத்த வரியைத் தன் வரியில் கழித்துக்கொள்ளும் இன்புட் வரவு வராது. அடுத்த மாதம் அவர் வேறு கடைக்குப் போய்விடுவார். எந்த எண் உயிரோடு இருக்கிறது என்பதை ஜிஎஸ்டி தளத்தில் யார் வேண்டுமானாலும் பாஸ்வேர்டு இல்லாமலே பார்க்கலாம். பாலக்காட்டுக்காரர் பார்ப்பார். சித்திக்குத்தான் கடைசியில் தெரியும்.

இதைவிடக் கொடியதும் நடக்கிறது. கடன் வாங்கித் தருகிறேன் என்று கூலி வேலைக்குப் போகிறவர்களின் பானையும் ஆதாரையும் வாங்கி, அவர்கள் பெயரில் போலி நிறுவனம் பதிவு செய்துவிடுகிறார்கள். லட்சத்தையே கண்டிராதவர் வீட்டுக்குக் கோடிக்கணக்கில் வரி கேட்டு நோட்டீஸ் வந்த செய்திகளை நாம் படித்திருக்கிறோம். பானைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதை இன்னும் சாதாரணமாகச் செய்துகொண்டிருக்கிறோம்.

ஆடிட்டர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாதாமாதம் ரிட்டர்ன் போட ஒருவர் தேவைதான். நல்ல ஆடிட்டர்கள் கடைக்காரரின் நம்பரையே பதிவு செய்து, ஓடிபி வரும்போது போன் செய்து கேட்டுக்கொள்கிறார்கள். அந்தச் சின்னத் தொந்தரவு இருக்கட்டும். அது கடைக்காரருக்குப் பாதுகாப்பு.

உங்கள் எண்ணில் யாருடைய செல் நம்பர் இருக்கிறது என்று இந்த வாரமே பாருங்கள். பாஸ்வேர்டை உங்கள் கணக்கு நோட்டில் எழுதி வையுங்கள். நம்பர் வேறொருவருடையது என்றால் மாற்றித் தரச் சொல்லுங்கள். அவர் இழுத்தடித்தால் ஆவணங்களோடு உங்கள் பகுதி வரி அலுவலரிடம் போங்கள். செல் நம்பரையும் மின்னஞ்சலையும் உங்கள் பெயருக்கு மாற்றித் தரும் வசதி அவரிடம் இருக்கிறது.