குளத்தடியில் எழுந்த ஊர்

தெமட்டகொடையில் என் இல்லம் புகையிரதப் பாதையை அடுத்துள்ளது. கோட்டையிலிருந்து வடக்கே புறப்படும் வண்டிகள் மருதானையைத் தாண்டி இவ்வழியே செல்கின்றன. அவற்றின் ஓசை எழும்போதெல்லாம் என் நெஞ்சமும் ஏறிக்கொள்ளும்; ஆயின், யாழ்ப்பாணம் வரை அது செல்வதில்லை. கிளிநொச்சியிலேயே இறங்கிவிடும்.

மலர்க்குழுவினர் கல்லூரி நினைவுகளை எழுதுமாறு பணித்தனர். அதற்கு என்னிலும் வல்ல பழைய மாணவர் பலர் உளர். விடுதியில் எம்முடன் உண்டு உறங்கிய வன்னிப் பிள்ளைகள் விடுமுறைக்குச் சென்ற அவ்வூரைப் பற்றி எழுதுவோர் அரியர். ஆதலின் அதனையே எழுதத் துணிந்தேன்.

கிளியும் நொச்சியும் சேர்ந்து ஊர்ப்பெயர் ஆயின என்பர். கிளிகளை நான் கண்டதுண்டு. ஆனால் அவ்வூரைப் பெற்ற தாய் இரணைமடுக் குளமே. கனகராயன் ஆற்றை மறித்து 1902-இல் தொடங்கிய அணைவேலை 1920-இல் நிறைவெய்தியது. இதற்கிடையில் 1905-இல் வடபாதை முழுமையுற்றுப் புகையிரதமும் காட்டை ஊடறுத்து ஓடத் தொடங்கியது. நீர் வந்தது, வண்டியும் வந்தது. மக்கள் மாத்திரம் வரவில்லை. மலேரியாக் காய்ச்சலுக்கு அஞ்சாதவர் அந்நாளில் யார்? கரடிப்போக்கு என்னும் சந்தியின் பெயரே அக்காலத்தில் அவ்வழியே நடமாடியவர் யாவரென்பதைச் சொல்லும்.

யாழ்ப்பாணத்திலோ நிலம் சிறிது, மக்கள் மிகுதி. நம்மவர் ஆங்கிலம் கற்று மலாயாவுக்கும் கொழும்புக்கும் எழுதுவினைஞராய்ப் போயினர். 1930-களின் உலகப் பொருளாதார மந்தத்தில் அக்கதவுகள் ஒடுங்கின. சான்றிதழும் கையுமாய்த் திண்ணையில் அமர்ந்திருந்த இளைஞருக்கு மண்வெட்டி கொடுக்கும் எண்ணம் அப்போதுதான் பிறந்தது. 1935-இல் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வந்தது. மறு ஆண்டிலே கிளிநொச்சிக் குடியேற்றம் தொடங்கிற்று. இருந்தும் ஊர் உண்மையாய்த் தழைத்தது 1945-46-இல் டி.டி.டி. மருந்து தெளிக்கத் தொடங்கிய பின்னரே. காட்டை வெட்டியவரை மறவாத நாம் கொசுவைக் கொன்றவரை நினைப்பதில்லை.

எந்தையார் ஐம்பதுகளில் சென்றவர். வாய்க்காற்கரையில் வயலும் மேட்டுக்காணியும் அவருக்குக் கிடைத்தன. முதலாண்டில் யானையும் பன்றியும் தின்றது போக எஞ்சியதே எமக்கு. கல்வீட்டு முற்றத்தை விட்டுவந்த அம்மா மண்குடிலின் வாயிலில் நின்று அழுததாகச் சொல்வர். எனக்கு நினைவிருப்பது பெருந்தெருவே. தெருவும் தண்டவாளமும் அருகருகே ஓட, இடையிலும் இருபுறத்திலும் கடைகள் ஒவ்வொன்றாய் முளைத்தன. ஆதலால் அவ்வூருக்கு நீளம் உண்டு, அகலம் குறைவு. 1956-இல் யாழ்தேவி ஓடத் தொடங்கிய பின், தவணை முடிவில் பெட்டியுடன் அந்நிலையத்தில் இறங்குவதே எனக்குப் பெருவிழாவாய் இருந்தது. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கத் தெருவழிப் பயணிகள் இறங்குவர்; எம் ஊரில் இறங்குவோர் அப்போது சிலரே.

1960-இல் தனித் தொகுதியாகவும் 1984-இல் தனி மாவட்டமாகவும் அது உயர்ந்தது. எழுபதுகளில் இறக்குமதி தடைப்பட, மிளகாய் விளைத்தவர் மாடிவீடு கட்டினர். அம்மிளகாயைப் பறித்த கைகளுள் பல மலையகத்திலிருந்து வந்தவை. 1977-இன் வன்செயலுக்குப் பின் அவர்கள் தொகை பெருகிற்று. எம்மவர் காணிக்கு உரித்தாளராயினர்; அவர்களுட் பெரும்பாலோர் கூலியாளராகவே நின்றனர். ஊரின் தோற்றத்தை எழுதுவோர் இதனை ஒரு வரியில் கடந்துவிடுவது முறையன்று. நானும் இரண்டு மூன்று வரிகளில்தான் கடக்கிறேன்.

1990-இல் வண்டி நின்றது. 1996, 1998, 2009 ஆகிய ஆண்டுகளில் ஊர் கைமாறிய வரலாற்றை யாவரும் அறிவர். சரிந்து கிடந்த நீர்த்தாங்கியைப் பார்க்க வந்தவர் பலர். எனக்கு அது குடிநீர் தந்த தாங்கி. காட்சிப்பொருளாய்க் கண்டு நிற்க மனம் ஒப்பவில்லை.

இனி நான் சொல்லத் தயங்கிய செய்தி. அக்கட்டளைச் சட்டத்தின்படி காணியைத் துண்டாட இயலாது, பின்னுரித்தாளர் ஒருவரே. எவரும் நியமிக்கப்படாவிடின், அட்டவணையில் ஆண்மக்களே பெண்மக்களுக்கு முன் நின்றனர். 2022-இல்தான் அது திருத்தப்பட்டது. எந்தையார் அட்டவணையை எதிர்பாராமல், மூத்த மகனாகிய என்னையே நியமித்தார். நான் கொழும்பில் கோவைகளைப் புரட்டிக்கொண்டிருக்க, நீர் பாய்ச்சியவளும் கதிர் அறுத்தவளும் என் தங்கை. இரு முறை இடம்பெயர்ந்தபோதும் அனுமதிப்பத்திரத்தை உரப்பையில் சுற்றி இடுப்பில் கட்டிச் சென்றவளும் அவளே. அதில் இருந்ததோ என் பெயர்.

2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கு வண்டி மீண்டது. சில நாள் கழித்து நானும் சென்றேன். தகரக் கொட்டிலின் முன் அவள் அப்பத்திரத்தை என்னிடம் நீட்டி, "அண்ணை, உங்கடை சாமானை வடிவாய் வைச்சிருக்கிறன், பாருங்கோ," என்றாள். அதில் ஏளனம் இல்லை, இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாளே பிரதேச செயலகத்திற்குச் சென்று, அவள் பெயருக்கு மாற்ற விண்ணப்பம் எழுதினேன். சான்றுகள் பல கேட்கப்பட்டன. பல முறை வடக்கே செல்ல நேர்ந்தது. அச்செலவுகளில்தான் ஊரை மீண்டும் கற்றேன். அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாயப் பீடங்கள் எழுந்திருந்தன. இரணைமடு நீரை யாழ்ப்பாணத்திற்குக் குடிநீராய்க் கொண்டுசெல்லும் திட்டத்திற்கு வயற்காரர் மறுப்புத் தெரிவித்ததைக் கேட்டேன். யாழ்ப்பாணத்து நெருக்கம் தணிய உண்டாக்கிய ஊரிடம் யாழ்ப்பாணம் நீர் கேட்டு நின்றது. சிறுபோகத்திற்கு நீர் போதாமல் அரைக்காணி தரிசாய்க் கிடந்ததை அறிந்த நான், அவர்களைக் கடிந்துகொள்ள முடியவில்லை.

பெயர் மாறிற்று. பத்திரம் கைக்கு வந்த அன்று தங்கை அதனைச் சாமிப்படத்தின் பின்னே செருகிவிட்டு, மாலைத் தண்ணீர் முறை தன்னுடையதென்று மண்வெட்டியுடன் வாய்க்காலுக்குப் போனாள். நான் வண்டிக்குப் புறப்பட்டேன். இருக்கைக்கடியில் அவள் கட்டிவைத்த அரிசிமூட்டை ஒன்று இருந்தது.