முதல் பந்தி

என் இரைப்பை இப்போது ஒரு சின்னக் காப்பி டம்ளர் அளவுதான். அதற்கு மேல் ஒரு வாய் போனாலும் நெஞ்சுக்கூட்டுக்குள் கல்லை வைத்து அழுத்துவதுபோல இருக்கும். வாயில் எச்சில் ஊறிக்கொண்டே வரும். எழுந்து போய்த் துப்பிவிட்டுத்தான் திரும்ப வேண்டும். 2021 பிப்ரவரியில் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். அப்போது எனக்கு வயது 41, எடை 112 கிலோ, உயரம் 158 செ.மீ. சர்க்கரை, முழங்கால் வலி எல்லாம் இருந்தன. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்ததால் முகத்தில் முகமூடி மாட்டும் இயந்திரத்தோடுதான் இரண்டு வருடம் படுத்திருந்தேன்.

எனக்குச் செய்ததற்கு ஸ்லீவ் என்று பெயர். இரைப்பையை நீளவாக்கில் வெட்டி, ஸ்டேப்ளர் பின் அடித்து, முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது ஒரு வாழைப்பழம் போன்ற குழாய். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனில் பெரும்பங்கு, எடுத்துப்போடும் அந்த மேற்பகுதியில்தான் சுரக்கிறது. அதனால் சாப்பாடு கொள்ளாமல் போவதோடு, முதல் சில மாதங்களுக்குப் பசியே எடுப்பதில்லை. இன்னொரு வகை பைபாஸ். அதில் இரைப்பையை முட்டை அளவுக்குச் சுருக்கி, சிறுகுடலின் ஒரு பகுதியைத் தாண்டி இணைப்பார்கள். 1966-இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் இதைத் தொடங்கிவைத்தார். வயிற்றுப் புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை எடுத்தவர்கள் எடை கூடாமலே இருந்ததைக் கவனித்ததுதான் அவருக்கு வழிகாட்டியது.

அறுவைக்கு முன் ஒரு படிவம் நிரப்பச் சொன்னார்கள். ஒரு நாளில் என்ன சாப்பிடுகிறீர்கள், எத்தனை வேளை, நொறுக்குத்தீனி உண்டா, இரவில் சாப்பிடுவீர்களா என்று வரிசையாகக் கேள்விகள். எல்லாவற்றுக்கும் பதில் எழுதினேன். எப்போது சாப்பிட உட்காருகிறீர்கள், உங்களுக்கு முன் எத்தனை பேர் சாப்பிட்டு எழுந்திருப்பார்கள் என்று கேட்க அதில் இடமில்லை.

அதற்குப் பதிலை இங்கே எழுதுகிறேன். விருதுநகர் பக்கத்தில் ஓர் உதவிபெறும் பள்ளியில் கணக்கு ஆசிரியை நான். காலை எட்டே காலுக்குப் பஸ் ஏற வேண்டும். மாமாவுக்கு, கணவருக்கு, மகளுக்கு என்று தோசை சுட்டுப் போட்டுவிட்டு, கல்லில் பிய்ந்துபோனவற்றை அடுப்படியில் நின்றபடியே வாயில் போட்டுக்கொண்டு ஓடுவேன். மதியம் பள்ளியில் டப்பாச் சோறு. திருத்த வேண்டிய நோட்டு இருந்தால் அதுவும் பாதிதான். சாயங்காலம் வீடு வரும்போது கை நடுங்கும். காரச்சேவு டப்பாவைத் திறந்தால் மூடத் தெரியாது. இரவு எல்லோரும் சாப்பிட்டு, அத்தையும் சாப்பிட்டபின் பத்து மணிக்கு என் முறை வரும். சட்டியில் மிஞ்சிய சோறு, தட்டில் மகள் வைத்துவிட்ட மீதி, நாளைக்குக் கெட்டுப்போகும் குழம்பு எல்லாம் சேர்ந்து என் கணக்கில் வரும். வீணாக்கக் கூடாது என்று சொல்லி வளர்த்தார்கள். வீட்டில் எதுவும் வீணாகாமல் பார்த்துக்கொள்ளும் பாத்திரமாக என் வயிறு இருந்தது. ‘உணவுக் கட்டுப்பாடு இல்லை’ என்று என் கோப்பில் எழுதியிருந்தார்கள்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையான பெண்களில் 40.4 சதவீதத்தினர் அதிக எடை உள்ளவர்கள். அதே கணக்கெடுப்பு, அதே வயதுப் பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை என்கிறது. இரண்டு எண்களும் தனித்தனிப் பெண்களைப் பற்றியவை என்றுதான் நினைத்திருந்தேன். அறுவைக்கு முன் எடுத்த சோதனையில் 112 கிலோ எடையுள்ள எனக்கு ஹீமோகுளோபின் 9 இருந்தது. மிஞ்சிய சோறும் பிய்ந்த தோசையும் உடம்பைப் பெருக்க வைக்கும். அவற்றில் இரும்பும் புரதமும் இருக்காது. வீட்டில் முட்டையும் மீனும் முதல் பந்தியிலேயே முடிந்துவிடும்.

அறுவை முடிந்து முதல் இரண்டு வாரம் நீராகாரம் மட்டும். தெளிந்த ரசம், மோர், பருப்புத் தண்ணீர், இளநீர். கால் மணி நேரத்துக்கு 30 மில்லி, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. மடக்கென்று விழுங்கினால் வலி உயிர் போகும். என் அம்மா பரணிலிருந்து பாலாடையை எடுத்துக் கழுவிக் கொடுத்தார். என் மகளுக்குப் பால் புகட்டிய பாலாடை. நாற்பத்தோரு வயதில் அதில் ரசம் குடித்தேன். மூன்றாம் வாரத்திலிருந்து மசித்த உணவு, பிறகு மெதுவான உணவு, இரண்டு மாதத்துக்குப் பிறகுதான் எல்லாரும் சாப்பிடுவது. அரை இட்லியில் வயிறு நிறைந்துவிட்டது என்று தெரிந்த அன்று எனக்குச் சந்தோஷமும் வந்தது, அழுகையும் வந்தது.

பிறகு தந்த விதிகள் சுருக்கமானவை. ஒரு நாளைக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது என்றால் கணக்கைப் பாருங்கள். தட்டில் முதலில் புரதம், அடுத்துக் காய், இடமிருந்தால் சோறு. சின்னச் சின்ன வாயாக மென்று, உட்கார்ந்து, இருபது முப்பது நிமிடம் எடுத்துச் சாப்பிட வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, அரை மணி நேரம் கழித்துத்தான். வேளை தவறக் கூடாது. உயிர்ச்சத்து பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகள் ஆயுள் முழுக்க.

இதைப் படித்துவிட்டுச் சிரித்தேன். உட்கார்ந்து, நேரத்துக்கு, முட்டையை முதலில், அரை மணி நேரம். எங்கள் வீட்டில் மாமா அப்படித்தான் சாப்பிடுகிறார். ஆண்கள் காலங்காலமாகச் சாப்பிட்டுவந்த முறையை எனக்கு மருந்துச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

பள்ளிக்குத் திரும்பிய முதல் நாள் காலை ஏழு மணிக்கு, யாருக்கும் தோசை வார்க்கும் முன்பே இரண்டு அவித்த முட்டையோடு மேசையில் உட்கார்ந்தேன். அத்தை அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

“வீட்டு ஆம்பளைக பசியோட இருக்கையில நீ உக்காந்து முட்டை திங்கிறியாக்கும்?”

“டாக்டர் சொல்லியிருக்காரு அத்தை. நேரம் தப்பக் கூடாதாம்.”

அவர் ஒன்றும் பேசவில்லை. கணவர் அன்றைக்குத் தோசைக் கரண்டியை எடுத்தார். முதல் தோசை கருகியது, இரண்டாவது கிழிந்தது. ஒரு வாரத்தில் தேறிவிட்டார். பத்தொன்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் ‘எனக்குப் பசிக்கிறது’ என்று சொன்னபோது கிடைக்காத நாற்காலி, ‘டாக்டர் சொன்னார்’ என்றதும் கிடைத்தது. அதற்கு என் வயிற்றில் முக்கால் பங்கைக் கொடுக்க வேண்டியிருந்தது என்பதை நான் மறக்கவில்லை.

அத்தைக்கும் சர்க்கரை உண்டு. காலை ஏழுக்கு மாத்திரை போட்டுவிட்டு, எல்லோரும் சாப்பிட்டபின் பத்து மணிக்குச் சாப்பிடுவார். இடையில் தலைசுற்றி உட்கார்ந்துவிடுவார். அதை அவருடைய வயதுக் கோளாறு என்றே எல்லோரும் சொல்லிவந்தோம். ஒரு மாதம் கழித்து ஒருநாள் தன் இட்லித் தட்டை எடுத்துவந்து எனக்கு எதிரில் உட்கார்ந்தார். “எனக்கும் மாத்திரை போட்டதும் சாப்பிடச் சொல்லித்தான் அந்த டாக்டரும் சொன்னான்” என்றார். இன்றுவரை நாங்கள் இருவரும் ஏழு மணிக்குச் சேர்ந்துதான் சாப்பிடுகிறோம். தலைசுற்றல் இப்போது அரிது.

வெளியில் வேறு கதை. மூன்றாம் மாதம் சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. எடை வேகமாக இறங்கும்போது இது நடக்கும், சில மாதத்தில் நிற்கும் என்று முன்பே சொல்லியிருந்ததால் பொறுத்துக்கொண்டேன். ஒரு வருடத்தில் 34 கிலோ இறங்கியது. சர்க்கரை மாத்திரை நின்றது, மூச்சு இயந்திரத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மேல்கையிலும் அடிவயிற்றிலும் தோல் வெற்றுப் பைபோலத் தொங்கியது. ஆசிரியர் அறையில் இரண்டே பேச்சு. “எப்படி டீச்சர் இப்படி இளைச்சீங்க, சூப்பரா இருக்கீங்க” என்பது ஒன்று. ஆபரேஷன் என்று தெரிந்ததும், “ஓ, குறுக்கு வழியா” என்பது மற்றது. நடந்து இளைத்திருந்தால் சாதனை, வெட்டிக்கொண்டு இளைத்தால் சோம்பல். முழங்கால் தேய்ந்தவள் நடந்து காட்ட வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள்.

தோழிகளிடமிருந்து வந்த கேள்வி அதைவிடக் கனமானது. உடலை ஆண் பார்வைக்கு ஏற்ப வெட்டிக்கொள்வது தோல்வி இல்லையா என்று ஒருத்தி கேட்டாள். சூசி ஓர்பாக் 1978-இல் பெண்ணின் எடையைப் பெண்ணிய விஷயமாக்கி எழுதிய நூலை அவள்தான் எனக்கு முன்பு கொடுத்திருந்தாள். நியாயமான கேள்வி. நான் சொன்ன பதில் இது: இரவில் மூச்சு நின்றது எனக்குத்தான், எந்த ஆண் பார்வைக்கும் இல்லை. ஆனால் அது முழுப் பதில் இல்லை. பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாகவே போவதையும், புடவைக் கடைக்காரர் ஏற இறங்கப் பார்ப்பதையும் இனிச் சகிக்க முடியாது என்ற எண்ணமும் அந்த முடிவில் இருந்தது. இரண்டையும் பிரித்து வைக்க எனக்குத் தெரியவில்லை. ஒரு பெண் தன் உடம்பைப் பற்றி எடுக்கும் முடிவு கலப்படமில்லாமல் இருந்தால்தான் செல்லும் என்று கேட்பதும் ஒரு வகைத் தேர்வுதான்.

யாரும் எச்சரிக்காத ஒன்று துக்கம். வயிற்றுப்பசி போனாலும் மனசின் பசி போகவில்லை. கோபம் வந்தாலும் களைப்பு வந்தாலும் கை அந்தக் காரச்சேவு டப்பாவைத் தேடியது. இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. முன்பு அந்தக் கோபத்தை மென்று விழுங்கிவிடுவேன். இப்போது அது வெளியே வருகிறது. “ஆபரேஷனுக்கு அப்புறம் உனக்கு வாய் நீண்டுபோச்சு” என்கிறார் கணவர். உண்மைதான். ஊர்த் திருவிழாவில் எண்ணெய்ப் பரோட்டாவின் வாசனை வந்தால் இன்றும் கண் கலங்குகிறது. கல்யாணப் பந்தியில் இலையில் முக்கால்வாசியை வைத்துவிட்டு எழுந்தால், பரிமாறுகிறவர் முகம் சுருங்குகிறது. மூன்று வாய் இனிப்பு கூடினால் வியர்த்து, நெஞ்சு படபடத்து, வயிறு கலங்குகிறது.

என்னைக் கலங்கவைத்தது மகள்தான். அவளுக்கு அப்போது பதினான்கு வயது. வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் அம்மா இளைத்ததைக் கொண்டாடுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒருநாள் இரண்டு இட்லியில் ஒன்றை ஒதுக்கிவைத்துவிட்டு, “அம்மா, நானும் உன்ன மாதிரிதானே குண்டாவேன்? எனக்கும் பின்னாடி இந்த ஆபரேஷன் பண்ணணுமா?” என்றாள். அவளை உட்காரவைத்து, எனக்கு எது எடுக்கப்பட்டது, எது நோய், எது வெறும் ஊர்ப்பேச்சு என்று படம் போட்டு விளக்கினேன். வளர்கிற உடம்புக்கு எவ்வளவு வேண்டும் என்றும் சொன்னேன். அன்றிலிருந்து வருகிறவர்கள் “இளைச்சுட்டே” என்று தொடங்கினால், “சர்க்கரை மாத்திரை நின்னுபோச்சு” என்று பதில் சொல்லிப் பேச்சை மாற்றுகிறேன். மகளும் ஏழு மணி மேசைக்கு வந்துவிட்டாள். அவள் தட்டை நான் கண்காணிப்பதில்லை. அவள் மீதி வைத்தால் அதை நான் சாப்பிடுவதும் இல்லை.

இளம் பெண்களுக்கு ஒரு தகவல். இந்த அறுவைக்குப் பிறகு ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் வரை கருத்தரிக்கக் கூடாது. உடம்பு வேகமாக இளைக்கும்போது குழந்தைக்குச் சத்துப் போதாது. நின்றிருந்த மாதவிடாய் எடை குறைந்ததும் திரும்பி, எதிர்பாராமல் கரு தங்கவும் வாய்ப்புண்டு. பைபாஸ் செய்தவர்களுக்குக் கருத்தடை மாத்திரை சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம். வேறு முறையை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கு முன் பெண்ணை இளைக்கவைக்க இந்த அறுவையைத் தேடிவரும் பெற்றோர் இதைச் சொல்லமாட்டார்கள்.

இப்போது என் எடை 83. ஐந்து கிலோ திரும்பியிருக்கிறது. சில வருடங்களில் கொஞ்சம் திரும்புவது வழக்கம்தான். பசியும் ஓரளவு திரும்பிவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தச் சோதனை. ஹீமோகுளோபின் 11.8. மாத்திரைக்கும் புரதத்துக்கும் மாதாமாதம் என் சம்பளத்திலிருந்து ஒரு தொகை போகிறது. என்னிடம் சம்பளம் இருக்கிறது.

என் அண்ணன் மனைவிக்கு அது இல்லை. 105 கிலோவோடு, கட்டுக்கடங்காத சர்க்கரையோடு போன மாதம் வந்து, “மதினி, நானும் பண்ணிக்கிறவா?” என்று கேட்டார். அண்ணன் பணம் கட்டத் தயார் என்றார். பண்ணு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒரு தாளை எடுத்து அவரையே எழுதச் சொன்னேன். ஆயுள் முழுக்க மாத்திரைக்குப் பணம் யார் கையில் இருக்கும்? நீங்கள் படுத்திருக்கும் ஆறு வாரமும் சமைப்பது யார்? காலையில் நீங்கள் உட்கார்ந்து சாப்பிடும் அரை மணி நேரம் அடுப்பில் நிற்பது யார்? மூன்றாவது கேள்வியில் பேனாவை வைத்துவிட்டு, “இத உங்க அண்ணன்கிட்டல்ல கேக்கணும்” என்றார். தாளை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு போயிருக்கிறார். அண்ணனிடமிருந்து இன்னும் போன் வரவில்லை.